சாணைக்கல் தொட்ட அலகு: அமெரிக்கப் பட்டன் கத்திகளும் அவற்றைச் சேகரிப்போரும்

பழைய அமெரிக்கப் பட்டன் கத்திகளின் சந்தையில் எழுதப்படாத விதி ஒன்று உண்டு. அலகு சாணைக்கல்லைத் தொட்டிருக்கக் கூடாது. ஒரே பட்டறையில், ஒரே மாதிரியில், ஒரே எலும்புப் பிடியோடு செய்யப்பட்ட இரண்டு கத்திகளில் ஒன்று கடைப்பெட்டியைவிட்டு வெளியே வராதது, மற்றொன்று பல்லாண்டு யாரோ ஒருவருடைய பையில் கிடந்து பாதியாகத் தேய்ந்தது என்றால், முதலாவதற்குப் போட்டி நடக்கும். இரண்டாவது உதிரிப் பாகங்களுக்காக விலைபோகும். நாணயம், தபால்தலை சேகரிப்போரிடமிருந்து வந்த பழக்கம் இது. அங்கே பொருத்தமானதுதான், ஒரு நாணயம் எதற்காக அச்சிடப்பட்டது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. பட்டன் கத்தியின் நிலை வேறு. அது எதற்காகச் செய்யப்பட்டது, யார் வாங்கினார்கள், எதை வெட்டினார்கள் என்பதே அதைப் பற்றிய முதல் வரலாற்றுக் கேள்வி. 1958இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒரு பதில் சொல்லி அதைச் சட்டமாக்கியது: இது அடிதடிக்கான ஆயுதம், வேறு நியாயமான பயன் இதற்கு இல்லை. சேகரிப்போர் அந்தப் பதிலை ஏற்பதில்லை. உழைப்பாளியின் கருவியைத் திரைப்படங்களும் பத்திரிகைகளும் சேர்ந்து கெட்ட பெயர் சூட்டி ஒழித்துவிட்டன என்று வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் பெரும்பகுதி சரியென்றே கருதுகிறேன். ஆனால் வாதத்துக்குச் சாட்சியாக நிற்கக்கூடிய கத்திகளைத்தான் அவர்களுடைய சந்தை மலிவாகத் தள்ளுகிறது. பெட்டியிலேயே இருந்துவிட்ட கத்தி எதற்கும் பயன்பட்டதில்லை. அதனிடம் பயனைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லும்?

கதை தொடங்கும் இடம் நியூயார்க் மாநிலத்தின் வால்டன் என்ற சிற்றூர். வால்கில் ஆற்றின் நீர்விசையை நம்பி 1856இல் நியூயார்க் நைஃப் கம்பெனி அங்கே குடியேறியது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலிருந்து வந்த கத்திக் கம்மியர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அதைத் தொடர்ந்து வால்டன் நைஃப் கம்பெனியும் எழுந்தது. ஊருக்கே சின்ன ஷெஃபீல்டு என்ற பட்டப்பெயர் உண்டாயிற்று. 1890இல் வந்த மெக்கின்லி சுங்க வரி, இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்துகொண்டிருந்த மடக்குக் கத்திகளின் விலையை ஏற்றிவிட்டது. உள்நாட்டுப் பட்டறைகளுக்கு அது பொற்காலம். புதிது புதிதாக எதையாவது செய்துகாட்டினால் விற்கும் என்ற நிலை. இந்தச் சூழலில்தான் ஜார்ஜ் ஷ்ரேட் என்ற கருவித் தச்சர் 1892இல் தன் பட்டன் கத்திக்குக் காப்புரிமை பெற்றார். விசையால் திறக்கும் கத்தி ஐரோப்பாவில் அதற்கு முன்பே இருந்தது. அதைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்து விற்கும்படி எளிமையாக்கியது ஷ்ரேடின் சாதனை. சாதாரண மடக்குக் கத்தியில் அலகின் மேலுள்ள நகக்குழியில் விரல் நகத்தைக் கொடுத்து, மறு கையால் பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். ஷ்ரேடின் கத்தியில் பிடிக்குள் ஒரு பட்டை வில் இருக்கும். அலகை மடக்கும்போது அது வளைந்து விசையைச் சேமித்துக்கொள்ளும். பட்டனோடு இணைந்த சிறு பல் அலகின் அடிக்காம்பிலுள்ள குழியில் விழுந்து அலகைப் பிடித்துவைக்கும். பட்டனை அழுத்தினால் பல் விலகும், வில் உதைக்கும், அலகு வெளியே வந்து பூட்டிக்கொள்ளும். முதல் வகைகளில் பட்டன் பிடியின் தலைப்பிலுள்ள உலோகப் பூணில் இருந்தது. அந்த வடிவத்தின் உரிமை பின்னால் வால்டன் நைஃப் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. வால்டன் முத்திரையோடு ஆயிரக்கணக்கில் விற்றது.

1904இல் ஜார்ஜும் அவருடைய சகோதரர்களும் வால்டனிலேயே ஷ்ரேட் கட்லரி கம்பெனியைத் தொடங்கினார்கள். 1906, 1907ஆம் ஆண்டுகளின் காப்புரிமைகளில் வந்த மாற்றம்தான் என் வாதத்துக்கு முதல் தடயம். பட்டன் பூணிலிருந்து பிடியின் பக்கத்துக்கு நகர்ந்தது; அதன் அருகே ஒரு நழுவு பூட்டும் வந்தது. பூட்டைத் தள்ளிவைத்தால் பட்டன் அமுங்காது. சண்டைக்கென்று ஒரு கத்தியை வடிவமைப்பவர் அதைத் திறக்க இன்னொரு தடையைச் சேர்க்க மாட்டார். நாள் முழுதும் கால்சட்டைப் பையில் சாவியோடும் சில்லறையோடும் கிடக்கப்போகும் பொருளுக்குத்தான் அந்தக் கவலை தேவைப்படுகிறது. அடுத்த தடயம் வகைகளில் இருக்கிறது. ஷ்ரேட் பட்டியலில் பெரிய வேட்டைக் கத்தியும் இருந்தது. கைக்கடக்கமான பேனாக்கத்தியும் இருந்தது. இரண்டு முனையிலும் அலகு வைத்து இரண்டு பட்டன் பொருத்தியவை உண்டு. நான்கு அலகுகளையும் பட்டனால் திறக்கும் வகைகூடக் காப்புரிமையில் உண்டு. கடிகாரச் சங்கிலியில் மாட்டிக்கொள்ள வளையம் வைத்த சிறு கத்திகளின் பிடி முத்துச்சிப்பி போலவும் வண்ணக் கோடுகளோடும் செல்லுலாய்டில் மின்னும். பென்சில் சீவவும், உறை பிரிக்கவும், கயிறு அறுக்கவும் அலுவலகத்தில் வைத்துக்கொள்ளும் பொருள்கள் இவை. இவற்றை விற்றவர்கள் ஊர்தோறும் இருந்த இரும்புக்கடைக்காரர்கள். செயின்ட் லூயிஸ் நகரத்து ஷேப்லி போன்ற மொத்த வியாபாரிகள் தங்கள் டைமண்ட் எட்ஜ் முத்திரையோடு பட்டன் கத்திகளை ஆணி, ரம்பம், பூட்டுகளோடு சேர்த்தே நாடு முழுக்க அனுப்பினார்கள். கேஸ், யூனியன் கட்லரி முதலிய பட்டறைகளின் பெயரிலும் இவை வந்தன. யூனியனின் காபார் முத்திரை தாங்கிய பெரிய வேட்டைக் கத்திகளுக்கு இன்றைக்குக் கேட்கும் விலையைப் பார்த்தால், அவை ஒரு காலத்தில் தூண்டில் முள்ளுக்குப் பக்கத்தில் கிடந்த சரக்கு என்பது நம்ப முடியாததாகத் தோன்றும்.

ஷ்ரேட் ஓரிடத்தில் நிலைக்கவில்லை. ஜெர்மனியின் சோலிங்கனுக்குப் போய்ச் சில காலம் அங்கே உற்பத்தி செய்தார். முதல் உலகப் போர் அவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் சேலஞ்ச் கட்லரி நிறுவனத்துக்காக ஃப்ளைலாக் என்ற வகையைச் செய்தார். அதன் பின் அதே ஊரில் சொந்த நிறுவனம். அதன் முத்திரை பிரெஸ்டோ. 1940இல் அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் பிரெஸ்டோவுக்கு அரசாங்க வேலை கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் பாராசூட் படையினருக்கு வழங்கப்பட்ட எம்2 கத்தி அதுதான். 82ஆம், 101ஆம் வான்வழிப் படைப் பிரிவுகளின் வீரர்கள் மேலங்கியின் கழுத்தோரத்தில் இதற்கென்றே தைத்த ஜிப் பையில் அதை வைத்திருந்தார்கள். மரக்கிளையில் பாராசூட் சிக்கித் தொங்குபவனுக்கு ஒரு கை பிடிமானத்துக்குப் போய்விடும்; மிஞ்சிய ஒரு கையால் கயிற்றை அறுத்தாக வேண்டும். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ராணுவத்துக்குக் குத்தும் கத்திகளும் இருந்தன. அவை உறையில் செருகும் நிலைக் கத்திகள். பட்டன் கத்தியை அது கேட்டது ஒற்றைக் கை வேலைக்காக. ஏணியில் நிற்கும் மின்கம்பிக்காரர், மிரளும் மாட்டைப் பிடித்துக்கொண்டு கயிற்றை அறுக்கும் விவசாயி, படகின் விளிம்பில் குனியும் மீனவர் ஆகியோருக்கும் பட்டனால் கிடைத்த பயன் அதுவே. பட்டனின் நியாயம் வேகத்தில் இல்லை, மறு கையை விட்டுவைப்பதில் இருந்தது.

போருக்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. இத்தாலியில் நிறுத்தப்பட்டிருந்த வீரர்கள் அங்கிருந்து மெல்லிய, நீண்ட, ஊசி முனையுள்ள ஸ்டிலெட்டோ வகைக் கத்திகளை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இறக்குமதியாளர்களும் அந்தச் சுவையைக் கண்டுகொண்டார்கள். உள்நாட்டில் ஷ்ரேட் கட்லரி 1946இல் கைமாறி ஷ்ரேட்-வால்டன் ஆயிற்று. ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகரத்தில் கலோனியல் நிறுவனம் தகட்டை அழுத்தி வளைத்துச் செய்த மலிவான பட்டன் கத்திகளைக் குவித்தது. 1950 நவம்பரில் பெண்களுக்கான ஒரு பிரபல மாத இதழ் இவற்றைக் கொலைகாரப் பொம்மைகள் என்று வருணித்து எழுதிய கட்டுரை, பெற்றோரின் அச்சத்தை அரசியல்வாதிகளின் மேசைக்குக் கொண்டுபோனது. 1954இல் நியூயார்க் மாநிலம் தடை போட்டது. 1955இல் ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் கிரிஃபித் வானாய்வகத்தின் வாசலில் இரண்டு பையன்கள் கத்தியோடு மோதிக்கொண்டார்கள். 1957இல் ‘12 ஆங்ரி மென்’ படத்தில் ஒரு ஜூரர் வழக்கிலுள்ள கொலைக் கத்தியைப் போன்ற இன்னொரு கத்தியை மேசையில் குத்தி நிறுத்தினார். அதே ஆண்டு ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ பிராட்வே மேடையேறியது. பொது மனத்தில் பதிந்த உருவம் ஸ்டிலெட்டோவினுடையது; வால்டனின் எலும்புப் பிடிக் கத்தியை அந்தப் பிம்பத்தில் தேடினாலும் கிடைக்காது. தமிழ்ப் படங்களில் அடியாளின் கையில் ‘டக்’ என்று விரிந்த பட்டன் கத்தியும் அந்தச் சாயலின் தூரத்து உறவுதான்.

1958 ஆகஸ்ட் 12இல் ஐசனோவர் ஆட்சியில் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் பட்டன் கத்தி விற்பதும், அதற்காகச் செய்வதும் குற்றம். 2,000 டாலர் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை. தபாலில் அனுப்பவும் தடை. அந்தச் சட்டத்துக்கு அடிப்படையான செனட் குழு அறிக்கை, நியாயமான எந்த வேலைக்கும் உறைக் கத்தியோ சாதாரண மடக்குக் கத்தியோ இதைவிடப் பொருத்தமானது என்ற சாட்சியத்தை ஏற்றுக்கொண்டது. இதை எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை. வேட்டை, மீன்பிடி போன்ற வெளிப்புறத் தொழில் செய்வோருக்கும் படைவீரர்களுக்கும் இந்தக் கத்தி பயன்படுகிறது என்று வணிகத் துறை குழுவுக்கு எழுதியிருந்தது. அதைவிடப் பெரிய மறுப்பு சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆயுதப் படைகளுக்கு விலக்கு. ஒரு கை மட்டும் உள்ளவர் மூன்று அங்குலத்துக்கு மிகாத அலகுள்ள பட்டன் கத்தி வைத்துக்கொள்ளவும் விலக்கு. நியாயமான பயனே இல்லாத பொருளுக்கு எதற்கு இந்த விலக்கு? ஒற்றைக் கையால் திறக்க வேண்டிய தேவை உண்மையானது என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியும். அது கையிழந்தவர்களுக்கு மட்டுமே உள்ள தேவை என்று எண்ணிக்கொண்டார்கள். நியூயார்க் இன்னொரு வாசலைத் திறந்துவைத்தது: வேட்டை, மீன்பிடி உரிமம் உள்ளவர் அந்த வேலைக்குப் போகும்போது பட்டன் கத்தியை எடுத்துப்போகலாம். பின்னால் நடந்ததும் இதையே காட்டுகிறது. 1981இல் ஸ்பைடர்கோ நிறுவனம் அலகில் ஒரு வட்டத் துளை போட்டு, கட்டை விரலால் திறக்கும் கத்தியை விற்றது. அடுத்து, பாதி வழியில் வில் கைகொடுக்கும் கத்திகள் வந்தன. 2009இல் சுங்கத் துறை அவற்றையும் பட்டன் கத்தி என்று வகைப்படுத்த முயன்றபோது, நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி அவற்றுக்கு விலக்கு அளித்தது. தடை பட்டனை நீக்கியதே தவிர, பட்டன் பிறந்த காரணத்தை நீக்கவில்லை.

இந்தச் சட்டம் சேகரிப்புக் கலைக்கும் மறைமுகமாக உருக்கொடுத்தது. உற்பத்தி நின்றதால் இருப்பு உறைந்தது. 1958க்குப் பின் அமெரிக்காவில் பொதுச் சந்தைக்கென்று பழைய முறையில் பட்டன் கத்தி செய்வதற்குப் பெரிய பட்டறை எதுவும் இல்லை என்ற நிலை, இருந்தவற்றை அருமையாக்கியது. கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக வீட்டில் வைத்திருப்பதைத் தடுக்கவில்லை. மாநில எல்லையைக் கடக்கும் வணிகத்தைத்தான் தடுத்தது. ஆகவே கத்திகள் மேசை இழுப்பறையிலும் பண்ணைக் கொட்டகையிலும் தங்கின. விற்க முடியாத சரக்கு இரும்புக்கடைகளின் மேல் தட்டில் உறங்கியது. பெட்டி பிரியாத கத்திகளில் கணிசமானவை இப்படித் தடையால் தேங்கிய சரக்காகவே இருக்க வேண்டும், வரலாற்றின் விபத்துகள். 1968இன் துப்பாக்கிச் சட்டத்துக்குப் பிறகு, துப்பாக்கிக் கண்காட்சிகளின் மேசைகள் பழைய மடக்குக் கத்திகளுக்குத் திரும்பின என்று சேகரிப்போர் சொல்வார்கள். 1970களில் சங்கங்களும் விலைக் கையேடுகளும் வந்தன. அந்தக் கையேடுகள் கத்திகளுக்கு ஒரு தரவரிசையை வகுத்தன: புத்தம் புதியது, அரிதாகப் பயன்பட்டது, நல்லது, சுமாரானது, பாழானது. பெர்னார்ட் லெவின் போன்ற தேர்ந்த எழுத்தாளர்கள் முத்திரைகளையும் பட்டறைகளின் வரலாற்றையும் ஒழுங்குபடுத்திக் கொடுத்தார்கள். 2001இல் ரிச்சர்ட் லாங்ஸ்டன் பட்டன் கத்திகளுக்கென்றே தனி வழிகாட்டி எழுதினார். இந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ‘ஷ்ரேட் கட் கோ’ என்ற முத்திரை 1946க்கு முந்தையது, ‘ஷ்ரேட் வால்டன்’ அதற்குப் பிந்தையது என்று ஒரு நொடியில் சொல்ல முடிவது அவர்களால்தான். இருந்தாலும் அந்த நூல்கள் வளர்த்த கண், பட்டறை வாசலோடு நின்றுவிடுகிறது. யார் செய்தார்கள் என்பதில் தேர்ச்சி. யார் வைத்திருந்தார்கள் என்பதில் அக்கறை குறைவு.

தேய்ந்த கத்தியிடம் என்ன கேட்கலாம் என்று பார்ப்போம். சாணைக்கல் ஒவ்வொரு முறையும் எஃகில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அலகின் அடிப்பகுதிக்குக் கல் சரியாக எட்டாது; அங்கே பழைய அகலம் ஒரு படி போல எஞ்சி நிற்கும். அந்தப் படிக்கும் நடு அலகுக்கும் உள்ள வேறுபாடு எத்தனை காலம், எவ்வளவு ஒழுங்காகச் சாணை பிடிக்கப்பட்டது என்பதன் அளவுகோல். மிரட்டுவதற்கென்று வைத்திருப்பவர் வாரம்தோறும் பதம் தீட்ட வேண்டியதில்லை. மிரட்டலுக்குச் சத்தமும் பளபளப்பும் போதும். அலகை மெலியவைப்பது கயிறு, தோல், மரம், அட்டைப்பெட்டி, மீன். முனை உருண்டு போயிருந்தால் திருகாணி கழற்றவோ டப்பா திறக்கவோ பயன்பட்டிருக்கும். வயிற்றுப் பகுதி மட்டும் குழிந்திருந்தால் ஒரே மாதிரி வேலை திரும்பத் திரும்ப நடந்திருக்கும். நழுவு பூட்டின் வரிகள் தேய்ந்திருந்தால் உரியவர் அதைப் போட்டுவைக்கும் பழக்கமுள்ளவர். ஒரு வகையில் மிக நல்ல சாட்சி வில் முறிந்த கத்தி. மடக்கியே வைத்திருக்கும் பொருளில் வில் எந்நேரமும் இழுவிசையில் இருக்கிறது. பட்டை வில் முறிவது இவ்வகையின் பொதுவான நோய். முறிந்த பிறகும் அலகு தேய்ந்துகொண்டே வந்ததற்கான அடையாளம் கிடைத்தால், பட்டனின் ஆடம்பரம் போன பின்னும் அது கத்தியாகவே வைத்துக்கொள்ளப்பட்டது என்று பொருள். சந்தையில் அதே கத்தி ‘பழுதானது’ என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடும், பிறகு யாரோ ஒருவர் புது வில் போட்டு, பிடியைத் துணிச்சக்கரத்தில் மினுக்கி, அலகின் பழுப்பேறிய தோலை உரித்து, சாட்சியை ஊமையாக்கி விற்பார்.

தேய்மானத்தைப் போலியாக உண்டாக்கலாமே என்ற மறுப்பு எளிதில் தள்ளக்கூடியதல்ல. அரவைச் சக்கரம் இருந்தால் பத்து நிமிடத்தில் முப்பது ஆண்டு வயதைக் கூட்டலாம். ஆனால் இன்று போலிக்காரர்களுக்கு அதில் லாபம் இல்லை. அவர்கள் உழைப்பெல்லாம் எதிர்த் திசையில் போகிறது. தேய்ந்த அலகை எடுத்துவிட்டு வேறு கத்தியின் நல்ல அலகைப் பொருத்துவது, முத்திரையைப் புதிதாகப் பொறிப்பது, விரிசல் விட்ட பிடிக்குப் பதில் புது எலும்பு ஒட்டிப் பழுப்பேற்றுவது இவையே நடக்கின்றன. புதுமைக்குக் கூடுதல் விலை தரும் சந்தை, புதுமையைத்தான் போலி செய்யத் தூண்டும். தேய்மானத்துக்கு விலை ஏறினால் தேய்மானமும் போலியாகும் என்பது உண்மைதான். எனினும் தேய்மானம் ஓரிடத்தில் மட்டும் நிகழ்வதில்லை. அலகு பாதியாக மெலிந்த கத்தியில் பட்டனின் விளிம்பு மழுங்கியிருக்கும், மூட்டு ஆணி ஆட்டம் கண்டிருக்கும், பிடியில் கோடு குடைந்த எலும்பின் மேடுகள் உள்ளங்கை படும் பக்கத்தில் வழவழப்பாகியிருக்கும், முத்திரையின் எழுத்துகள் மங்கியிருக்கும். இவை ஒன்றோடொன்று ஒத்துவர வேண்டும். ஒத்த சாட்சியங்களைச் செய்வது, ஒரு அலகை மாற்றுவதைவிடக் கடினம். புத்தம் புதிய கத்தியின் நேர்மையைச் சோதிக்க இத்தனை இடங்கள் கிடையாது.

இன்னொரு மறுப்பு பாதுகாப்பு சார்ந்தது. புதியதைப் போற்றாவிட்டால் பட்டறையின் கைத்திறன் எப்படித் தெரியும், ஒரு கத்தி விற்பனைக்கு வந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஒவ்வொரு மாதிரியிலும் சில நல்ல பிரதிகள் அவசியம். ஆனால் அந்தப் பிரதிகளும் காலத்துக்கு வெளியே நிற்பவை அல்ல. வண்ணக் கோட்டுச் செல்லுலாய்டு என்பது கர்ப்பூரம் கலந்த நைட்ரோசெல்லுலோஸ். வயதானால் அது சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை வெளியிடும். ஈரம் பட்டால் அது அமிலமாகி அலகைத் துருவாக்கும், பித்தளையில் களிம்பேற்றும். மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் ஒரு கத்தியின் நோய் வரிசையில் உள்ள எல்லாவற்றையும் பிடிக்கும். தோல் உறைக்குள் வைத்தாலும் பதனிட்ட தோலின் அமிலம் அதே வேலையைச் செய்யும். ஆகப் பெட்டி பிரியாமல் காப்பாற்றியவர்களில் சிலர், காற்றோட்டம் இல்லாத பெட்டியில் தங்கள் கத்திகளைத் தாங்களே அரிக்கவிட்டிருக்கிறார்கள். அன்றாடம் எண்ணெய் காட்டி, துடைத்து, பையில் போட்டு எடுக்கப்பட்ட எலும்புப் பிடிக் கத்திகளுக்கு இந்தக் கதி நேரவில்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வேறொன்று. இது ஓர் ஆயுதத்துக்கு வெள்ளையடிக்கும் முயற்சி, 1950களில் அமெரிக்க நகரங்களின் தெருக்களில் பையன்கள் இவற்றால் குத்துப்பட்டுச் செத்தார்கள் என்பதைக் கடிகாரச் சங்கிலிக் கத்திகளைக் காட்டி மறைக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சேகரிப்போர்தான். அவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இத்தாலிய இறக்குமதியின் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இது முழு உண்மையல்ல. அமெரிக்காவிலேயே இரண்டு நிறுவனங்கள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் பட்டன் கத்தி செய்தன என்று செனட் அறிக்கையே குறிப்பிடுகிறது. அந்தப் பத்து லட்சத்தில் பெரும்பகுதி வால்டனின் பழைய கைவேலையாக இருக்க முடியாது. தகடு வளைத்து, பிளாஸ்டிக் பிடி பொருத்தி, பையன்களின் கைச்செலவுக்குக் கட்டுப்படியாகும் விலையில் வந்தவை. சட்டம் பிறந்தது இவற்றின் காரணமாக. சட்டத்தின் வலையில் இவற்றோடு வேட்டைக் கத்தியும் பேனாக்கத்தியும் அகப்பட்டுக்கொண்டன. ஆகவே நேர்மையான சேகரிப்பில் இந்த மலிவுக் கத்திகளுக்கும் இடம் வேண்டும். இவற்றையும் தேய்மானத்தின் வழியே படிக்க வேண்டும். எத்தனை அலகுகள் சாணை பட்டவை, எத்தனை முனை முறிந்தவை, எத்தனையில் அலகு முதல் நாள் அகலத்தோடு இருக்க மூட்டு மட்டும் திறந்து மூடித் தளர்ந்திருக்கிறது? இந்தக் கடைசி வகை, காட்டுவதற்கென்றே வைத்திருந்த கத்தியின் அடையாளம். பட்டன் கத்தி வெறும் கருவியே என்பவர்களுக்கும், வெறும் ஆயுதமே என்பவர்களுக்கும் அதன் எண்ணிக்கை சங்கடம் தரக்கூடியது. அந்தச் சங்கடத்துக்குத் தயாராக இருப்பதுதான் ஆய்வு. இல்லாவிட்டால் அது வக்கீல் வேலை.

இந்தப் படிப்பு வெறும் சேகரிப்போர் கூட்டத்தின் உள்விவகாரமாக நின்றுவிடவில்லை. 1984இல் ஆரிகன் உச்ச நீதிமன்றம், டெல்காடோ வழக்கில், பட்டன் கத்தி பழைய மடக்குக் கத்தியின் தொடர்ச்சியே என்று அதன் வரலாற்றை விரித்துச் சொல்லி மாநிலத் தடையைச் செல்லாததாக்கியது. 2010இல் நியூ ஹாம்ஷயர் தடையை நீக்கிய பிறகு, டெக்சஸ், டென்னசி, மிச்சிகன், ஒஹாயோ, வர்ஜீனியா என்று மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழியில் போயின. பென்சில்வேனியாவின் பழைய சட்டத்தில் கத்தியை அரும்பொருளாக மட்டுமே வைத்திருப்பவர் அதைத் தற்காப்பு வாதமாகச் சொல்லலாம் என்ற ஒரு வரி இருந்தது. சேகரிப்போருக்குச் சாதகமான வரிதான். ஆனால் பயன்படுத்தாத கத்திக்கு மட்டுமே பாதுகாப்பு என்பதன் மூலம் சந்தையின் தவறான தரவரிசையைச் சட்டமும் உறுதிப்படுத்தியது. 2023இல் அங்கும் தடை போயிற்று. 2024 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் கான்ஜுரா வழக்கில், பட்டன் கத்தியை மடக்குக் கத்திகளின் நீண்ட வரிசையில் ஒன்றாகவே கண்டு மாநிலத் தடையை ரத்து செய்தது. 1958இன் கூட்டாட்சிச் சட்டம் மட்டும் இன்னும் ஏட்டில் இருக்கிறது. நீதிமன்றங்கள் பொருளின் வரலாற்றைக் கேட்கும் காலத்தில், அந்த வரலாற்றைக் கையில் வைத்திருப்பவர்கள் ஏலப் பட்டியலில் முத்திரை, நீளம், பிடியின் நிறம் என்று மூன்று வரி எழுதிவிட்டு ‘சாணை பட்டது’ என்பதைக் குறையாகச் சேர்க்கிறார்கள். அடிக் காம்பருகே அலகின் அகலம் எவ்வளவு, நடுவில் எவ்வளவு, முனை எப்படி, வில் மாற்றப்பட்டதா, பூட்டின் தேய்மானம் எந்தப் பக்கம், எந்த ஊரில் எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தது என்ற விவரங்களை எழுத ஐந்து நிமிடம் கூடுதலாக ஆகும். ஷ்ரேட், பிரெஸ்டோ, காபார் கத்திகளுக்குச் சிலர் இதைச் செய்யத் தொடங்கினாலும் மலிவான கலோனியலுக்குச் செய்ய மாட்டார்கள் என்பது என் ஐயம். அவை இன்னும் மொத்தமாக ஒரு பெட்டியில் கொட்டி, எடைக்கணக்கு போல விற்கப்படும் நிலையில் இருக்கின்றன.